சுவிஸா, ஜப்பானா, சைனாவா: தம்பிக்கு ஒரு மடக்குக்கத்தி

சித்தி மகன் கோயம்புத்தூரில் ஓர் எலக்ட்ரிகல் கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு நாள் ராத்திரி பத்தரைக்குப் போன். "அண்ணே, நல்ல மடக்குக்கத்தி ஒண்ணு வாங்கணும். சுவிஸ் வாங்கவா, ஜப்பான் வாங்கவா? சைனா வாங்கினா ரெண்டு மாசத்துல போயிடுமா?" ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். பேசி முடித்தபோது அவன் முன்னைவிடக் குழம்பியிருந்தான். அதனால்தான் அன்றைக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும், அவன் குறுக்கே கேட்டதால் எனக்கே புதிதாகத் தோன்றியதையும் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

போனில் நான் முதலில் கேட்டது, "எதையெல்லாம் வெட்டப் போற?" ஒயர் மேல்தோல் சீவ, இன்சுலேஷன் டேப் அறுக்க, ஃபேன் வந்த அட்டைப் பெட்டியைப் பிரிக்க, மத்தியானம் ஒரு கொய்யாப்பழம் நறுக்க. இவ்வளவுதான் அவன் தேவை. கத்தி வாங்குகிற முக்கால்வாசிப் பேருக்கும் இவ்வளவுதான் தேவை, ஆனால் யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏதோ காட்டில் மூன்று நாள் தனியாக மாட்டிக்கொள்ளப் போகிறவர்கள் மாதிரி கேட்பார்கள். அடுத்து, எந்த ஊரில் வைத்துப் புழங்கப் போகிறோம் என்பது. நான் நாகப்பட்டினத்தில் இருக்கிறேன், மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். இங்கே இரும்பு கேட்டுக்கு ஓயாமல் பெயின்ட் அடிக்க வேண்டும், கார்பன் ஸ்டீல், அதாவது ஸ்டெயின்லெஸ் அல்லாத எஃகுக் கத்தியைத் துடைக்காமல் வைத்தால் மறுநாள் காலையில் புள்ளி புள்ளியாகத் துரு நிற்கும். கோயம்புத்தூர் காற்றில் அதே கத்தி ஒரு வாரம் சும்மா கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஐரோப்பாவில் இருந்து ஒருவர் எழுதுகிற விமர்சனத்தை அப்படியே நம்பி நான் இரண்டு தடவை காசை விட்டிருக்கிறேன், ஒரு தடவை காரணம் இந்த உப்புக்காற்று, இன்னொரு தடவை நம் ஊர் மாங்காய்.

இப்போது நாடு விஷயம். எந்த எஃகு, அதை எப்படிக் காய்ச்சித் தோய்த்தார்கள், அலகை எவ்வளவு மெல்லிசாகத் தீட்டினார்கள், மூட்டு ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா, பழுதானால் யார் பொறுப்பு. இதெல்லாம் சேர்ந்ததைத்தான் தரம் என்கிறோம். இதில் எஃகு பல சமயம் வேறு நாட்டுச் சரக்கு. பிரான்ஸின் ஓப்பினெல் கத்தியில் ஸ்டெயின்லெஸ் அலகு என்றால் அது ஸ்வீடனில் இருந்து வருகிற எஃகு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் கோல்டன் ஊரில் இருக்கும் ஸ்பைடர்கோ கம்பெனி தன் கத்திகளை கோல்டனிலும் செய்கிறது, ஜப்பானின் செக்கி நகரிலும் செய்ய வைக்கிறது, தைவானின் தாய்ச்சுங்கிலும், இத்தாலியின் மனியாகோவிலும், சீனாவிலும் செய்ய வைக்கிறது. பெயர் ஒன்று, கட்டைவிரல் வைத்துத் திறக்கிற அந்த வட்ட ஓட்டை ஒன்று, நாடு மட்டும் ஐந்து. கடைக்காரர் "அமெரிக்கன் கத்தி சார்" என்று நீட்டினால் அலகின் அடிப்பக்கம் பொடி எழுத்தில் என்ன பொறித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஐந்தில் தைவான் வேலைப்பாடுதான் மிகச் சுத்தம் என்று சாதிக்கிறவர்கள் உண்டு. நான் கையில் எடுத்துப் பார்த்தவரை அதில் தப்பில்லை.

காய்ச்சித் தோய்ப்பதுதான் கத்திக்கு உயிர், அதைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எஃகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கினால் கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும், கீழே போட்டால் உடையும். அதை மறுபடி 200 டிகிரிக்குப் பக்கத்தில் மிதமாகச் சூடாக்கினால் கொஞ்சம் கடினம் குறைந்து தாக்குப்பிடிக்கும் தன்மை வரும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் பட்டறையின் கைப்பக்குவம் இருக்கிறது. என்னிடம் ஒரு ஜெர்மன் கார்பன் ஸ்டீல் கத்தி இருக்கிறது. அதை ஒரு முறை சோம்பேறித்தனத்தால் தெருவில் சைக்கிளில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவர் மீது குறை சொல்ல முடியாது, அரிவாள்மணைக்குப் பிடிக்கிற மாதிரியே அழுத்திப் பிடித்தார், பொறி பறந்தது, தண்ணீர் தொடவில்லை. வாங்கிப் பார்த்தால் முனையில் அரை அங்குலத்துக்கு மயில் கழுத்து நிறத்தில் நீலம் பாய்ந்திருந்தது. நீலம் வந்தால் எஃகு 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், அந்த இடத்தில் தோய்த்த பலன் போயிற்று. இன்றைக்கும் அந்த முனை மட்டும் இரண்டு எலுமிச்சைக்குமேல் தாங்காது, பின்னால் இருக்கிற பகுதி மழுங்காமல் நிற்கிறது. ஒரே கத்தி, ஒரே எஃகு, ஒரே நாடு.

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

சுவிஸ் என்றால் விக்டோரினாக்ஸ்தான், வேறு பேச்சில்லை. வெங்கர் என்று இன்னொரு கம்பெனி இருந்தது, 2005-இல் அதையும் இவர்களே வாங்கிவிட்டார்கள். கார்ல் எல்செனர் 1884-இல் இபாக் என்கிற ஊரில் பட்டறை தொடங்கினார், 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். இதில் எனக்குப் பிடித்த சங்கதி, அந்த ராணுவக் கத்தியின் முதல் சரக்கை சுவிட்சர்லாந்தில் யாராலும் செய்து கொடுக்க முடியவில்லை, ஜெர்மனியின் சோலிங்கனில் இருந்துதான் வந்தது. எல்செனரின் அம்மா பெயர் விக்டோரியா. அவர் 1909-இல் இறந்தபோது அந்தப் பெயரைக் கம்பெனிக்கு வைத்தார்கள், 1921-இல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்பது பின்னால் ஒட்டிக்கொண்டது.

இதன் எஃகைக் கத்திப் பைத்தியங்கள் மதிக்க மாட்டார்கள். எஃகின் கடினத்தை அளக்கிற ராக்வெல் அளவில் இதன் அலகு 56தான், ஜப்பான்காரர்கள் 60-ஐத் தொடுகிற இடம் இது. ஆனால் அந்தக் கம்பெனி அதைத் தெரிந்தேதான் அங்கே நிறுத்துகிறது. அலகுக்கு 56, கத்தரிக்கோலுக்கு 53, டின் ஓப்பனருக்கு 52, உள்ளே இருக்கிற ஸ்பிரிங்குக்கு 49 என்று ஒரே கத்திக்குள் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒவ்வொரு பதம். டின் ஓப்பனர் 60-இல் இருந்தால் முதல் டின்னிலேயே நுனி உடைந்துவிடும். அலகு சீக்கிரம் மழுங்கும், உண்மை. ஆனால் பீங்கான் கப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் மெருகில்லாமல் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் ஏழெட்டு இழுப்பு இழுத்தால் மறுபடி காகிதம் அறுக்கும். நான் வைத்திருப்பது ஜூரிச்சில் இருக்கிற யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் ஊருக்கு வந்தபோது சாக்லேட்டோடு சேர்த்துக் கொடுத்தது, மடக்கிய நிலையில் 91 மில்லிமீட்டர் நீளம். பதினோரு வருடமாக உப்புக்காற்றில் கிடக்கிறது. அலகில் ஒரு பொட்டுத் துரு கிடையாது, கத்தரிக்கோலின் குட்டி ஸ்பிரிங் மட்டும் ஒரு தடவை போய் மாற்றினேன். மூட்டில் ஆட்டம் இல்லை. பிடியில் செருகியிருந்த பல் குத்தும் குச்சி தொலைந்துபோனது, அது எல்லோருக்கும் தொலையும்.

குறை ஒன்று சொல்ல வேண்டும். இந்த அளவுக் கத்திகளில் அலகுக்கு லாக் கிடையாது. முனையால் குத்தி அழுத்தினால் மடங்கி விரலைப் பதம் பார்த்துவிடும். லாக் வேண்டுமென்றால் 111 மில்லிமீட்டர் வகைக்குப் போக வேண்டும், அது பேன்ட் பாக்கெட்டில் கல்லைப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி.

பிரான்ஸுக்கு வருவோம். ஓப்பினெல் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு, அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். ஆல்ப்ஸ் மலையடியில் சவோய் பகுதியில் ஜோசஃப் ஓப்பினெல் 1890-இல் செய்த கத்தி, இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே உருவம். ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு வளையம். அந்த வளையம்கூட 1955-இல்தான் வந்தது, திருகினால் அலகு மடங்காமல் நிற்கும். ஒன்றில் இருந்து 12 வரை எண் போட்டு அளவு வைத்தார்கள், நம் கைக்கு 8-ஆம் எண் சரியாக இருக்கும், அலகு எட்டரை சென்டிமீட்டர். எடையைக் கையில் உணரவே முடியாது. அலகு மிக மெல்லிசு, அதுதான் இதன் ரகசியம் எல்லாம். தடித்த அலகு ஆப்பிளுக்குள் போகும்போது ஆப்பு மாதிரி பிளக்கும், படக்கென்று இரண்டாகத் தெறிக்கும். இது அறுத்துக்கொண்டே போகும்.

நான் வாங்கியது கார்பன் ஸ்டீல் அலகு. வாங்கின வாரம் ஒட்டு மாங்காய் சீசன். நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது துண்டு வெட்டும்போது பார்க்கிறேன், வெள்ளி மாதிரி இருந்த அலகு சாம்பலாகி, நடுவில் கருநீலமாக ஓடிவிட்டது. மாங்காய்த் துண்டின் வெட்டுவாயும் கறுத்திருக்கிறது, மூக்கருகே கொண்டுபோனால் பழைய ஐந்து பைசா நாணயத்தைக் கையில் வைத்துக் கசக்கினால் வருமே அந்த வாடை. புளிப்பும் இரும்பும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். மாங்காய், எலுமிச்சை, தக்காளி எதுவானாலும் இந்தக் கதைதான், வாழைத்தண்டு வெட்டினால் இன்னும் மோசம். பிரெஞ்சுக்காரன் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் வெட்டுகிறான், அவனுக்கு அந்தக் கறை ஓர் அழகு, நாள்பட்ட கத்தி என்று பெருமைப்படுவான். நம் வீட்டில் "என்னடா இது, துருப்பிடிச்ச கத்தியில வெட்டிக் குடுக்கற" என்று அம்மா தட்டையே தள்ளிவிட்டார்கள். ஆகவே நமக்கு ஸ்டெயின்லெஸ் அலகு உள்ள ஓப்பினெல்தான். சாணைக்கல்லில் கார்பன் அலகு தீட்டும் சுகம் இதில் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு தொந்தரவு, மரப்பிடி. ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பீச் மரம் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும், அலகு மரத்துக்குள் கவ்விக்கொண்டு வெளியே வராது. பிடியின் பின்நுனியை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகின் முனை எட்டிப் பார்க்கும், நகத்தால் இழுத்துக்கொள்ளலாம். அந்தத் தட்டுக்கு சவோய்க்காரர்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவர்கள் ஊரிலும் ஊதுகிறது போலிருக்கிறது! வெயில் காலத்தில் இதே மரம் சுருங்கி, சுண்டுவிரலால் தள்ளினாலே திறக்கும். இதையெல்லாம் தாங்கிக்கொள்கிறவர்களுக்கு ஐரோப்பியக் கத்திகளில் இவ்வளவு மலிவாக இவ்வளவு நன்றாக வெட்டுகிற வேறொன்று இல்லை.

பிரான்ஸிலேயே லாக்யோல் என்று இன்னொன்று, வளைந்த ஒயிலான பிடி, ஸ்பிரிங்கின் தலையில் ஒரு தேனீ உருவம். லாக்யோல் என்பது ஓர் ஊரின் பெயர், எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் பொறித்து விற்றுவந்தார்கள். தியேர் நகரத்துப் பட்டறையில் கையால் செய்ததும் லாக்யோல், கப்பலில் மூட்டை மூட்டையாக ஆசியாவில் இருந்து போனதும் லாக்யோல். ஆன்லைனில் தேனீயைப் பார்த்து மயங்கி வாங்காதீர்கள்.

இதற்கு நேர் எதிர் ஜெர்மனி. சோலிங்கன் என்ற பெயருக்கு 1938-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். முக்கியமான வேலை எல்லாம் அந்த ஊர் எல்லைக்குள் நடந்தால்தான் கத்தியில் அந்தப் பெயரைப் பொறிக்கலாம். ஒரு ஊரின் பெயருக்கு இவ்வளவு காவல் இருப்பதால், உண்மையான சோலிங்கன் முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் ஜெர்மன் கம்பெனி என்பதும் சோலிங்கன் கத்தி என்பதும் ஒன்றில்லை. போக்கர் 1869 முதல் சோலிங்கனில் இருக்கிற பழைய கம்பெனி. அவர்களிடம் ஊரிலேயே செய்கிற வரிசையும் உண்டு, போக்கர் பிளஸ், மேக்னம் என்று பெரும்பாலும் ஆசியாவில் செய்து வாங்குகிற வரிசைகளும் உண்டு. அவர்கள் இதை ஒளிப்பதில்லை, நம் ஊர் விற்பனைப் பக்கங்கள்தான் "ஜெர்மன்" என்று தடித்த எழுத்தில் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடும். சாணைக்காரரிடம் அடிபட்ட என் கத்தி மெர்க்கேட்டர் என்கிற வகை. தகரத்தை மடித்துச் செய்த கறுப்புப் பிடி, அதில் பாயும் பூனை, பக்கத்தில் கே55கே என்ற எழுத்து. பார்க்க ரயில்வே சாமான் மாதிரி இருக்கும், பாக்கெட்டில் மெல்லிசாக உட்கார்ந்துகொள்ளும். நல்ல கத்தி, என்னால்தான் கெட்டது.

ஜப்பானில் இரண்டு உலகம். ஒன்று பழசு, ஹிகோனோகாமி. ஹியோகோ மாநிலத்தின் மிக்கி நகரில் நாகாவோ என்கிற ஒரே ஒரு பட்டறைக்குத்தான் இன்றைக்கு அந்தப் பெயர் சொந்தம். பித்தளைத் தகட்டை மடித்த பிடி, அலகின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன வால். அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், லாக்கும் அதுதான், ஸ்பிரிங்கும் அதுதான். ஜப்பானியப் பையன்கள் ஒரு காலத்தில் இதைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பென்சில் சீவினார்கள். 1960 அக்டோபரில் அசானுமா என்ற அரசியல் தலைவரை மேடையிலேயே 17 வயது இளைஞன் ஒருவன் குத்திக் கொன்றான். அவன் பயன்படுத்தியது குட்டைவாள்தான், ஆனாலும் பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்று நாடு முழுக்க இயக்கம் கிளம்பி, பள்ளிப் பையில் இருந்து இது போயேவிட்டது. (நாம் பேனாக்கத்தி என்று சொன்னாலும் பள்ளிக்கூடத்தில் பென்சில் சீவியது என்னவோ பாதியாக உடைத்த ஷேவிங் பிளேடில்தான்.) இதன் நல்ல வகைகளில் நடுவில் கடினமான கார்பன் எஃகு, இருபுறமும் மெத்தென்ற இரும்பு. கூர் என்றால் அப்படி ஒரு கூர். துரு என்றாலும் அப்படி ஒரு துரு. நாகப்பட்டினத்தில் இது அலமாரியில் எண்ணெய் பூசித் துணியில் சுற்றிக் கிடக்கிறது, ஆசைக்கு எடுத்துப் பார்க்கிறேன்.

புது ஜப்பான் என்றால் செக்கி. நூற்றாண்டுகளாக வாள் அடித்த ஊர், இன்றைக்கு உலகத்துக்குச் சமையல் கத்தியும் மடக்குக்கத்தியும் செய்து தருகிறது. அங்கே நிறையக் கத்திகளில் விஜி10 என்ற எஃகு. கார்பன் சுமார் ஒரு சதவீதம், குரோமியம் 15 சதவீதம், துரு அவ்வளவு சுலபமாக அண்டாது, கடினமும் 60 பக்கம். என்னிடம் இருக்கும் செக்கி கத்தி விக்டோரினாக்ஸைப்போல மூன்று மடங்கு நாள் கூர் நிற்கிறது. ஆனால் மழுங்கினால் பீங்கான் கப்புக்கு மசியாது, ஒழுங்கான கல் வேண்டும், அரை மணி நேரம் வேண்டும். ஒரு தடவை தேங்காய் ஓட்டில் ஒட்டியிருந்த கீற்றை நெம்பி எடுக்கப் பார்த்தேன். விளிம்பில் மணல் அளவுக்கு ஒரு துண்டு உதிர்ந்துவிட்டது. கடினமான எஃகு வளையாது, உதிரும். சுவிஸ் கத்தியாக இருந்தால் வளைந்திருக்கும், தட்டி நேராக்கியிருக்கலாம்.

அமெரிக்காவைப் பற்றிச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கிருந்து வரவழைத்து, வரி கட்டி, நம் கைக்கு வரும்போது தம்பியின் பட்ஜெட் மூன்று தடவை செத்திருக்கும். பக் என்கிற கம்பெனி 1964-இல் கொண்டுவந்த 110 மாடல் ஒன்றை நண்பன் வைத்திருக்கிறான். பித்தளை முனைகள், மரப்பிடி, 200 கிராம் எடை, திறந்து லாக் விழும்போது வங்கி லாக்கர் மூடுகிற மாதிரி ஒரு சத்தம். எஃகு சாதாரண 420எச்சிதான், விலை உயர்ந்த சரக்கு இல்லை. ஆனால் பால் பாஸ் என்கிற வல்லுநர் வகுத்துக்கொடுத்த முறையில் அதைத் தோய்க்கிறார்கள், அதனால் அந்த எஃகில் மற்றவர்களுக்கு வராத நிலைப்பு இவர்களுக்கு வருகிறது. மேலே சொன்ன தோய்ப்பு விஷயத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அமெரிக்காவின் உயர்ந்த சரக்கு என்றால் எஸ்30வி மாதிரி பொடி செய்து இறுக்கிய எஃகுகள். தினமும் நூறு அட்டைப் பெட்டி கிழிக்கிற குடோன்காரருக்கு அது நியாயமான செலவு. கொய்யாப்பழத்துக்கு நியாயமில்லை.

இனி தம்பி பயந்த சைனா. இதில் இரண்டு சைனா இருக்கிறது என்று புரிந்துகொள்ளாவிட்டால் ஏமாந்துதான் போவோம். பேருந்து நிலையக் கடையில் தொங்கும், அலகில் கழுகும் யு.எஸ்.ஏ. என்ற எழுத்தும் அச்சடித்த கத்தி ஒரு சைனா. நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன், வேண்டுமென்றே, எவ்வளவு மோசம் என்று பார்க்க. சணல் கயிறு நான்கு வெட்டில் விளிம்பு உருண்டுவிட்டது, நகத்தை வைத்து இழுத்தால் ஒரு பக்கமாக மடங்கியிருப்பது தெரிகிறது. லாக் திறந்த நிலையில் பின்னாலிருந்து தட்டினால் மடங்குகிறது. இப்படிப்பட்ட கத்தியில் லாக் இருப்பது இல்லாததைவிட ஆபத்து, நாம் அதை நம்பி அழுத்துவோம்.

இன்னொரு சைனா குவாங்டாங் மாகாணத்தின் யாங்ஜியாங். ஊரே கத்தித் தொழில்தான். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்து கொடுத்த ஆலைகள் இன்றைக்குச் சொந்தப் பெயரில் விற்கின்றன, சிவிவி அப்படி வந்த பெயர்தான். கம்ப்யூட்டர் மெஷினில் கடைந்த பிடி, மூட்டில் குட்டிக் குட்டி பால்பேரிங், விரலால் தட்டினால் சர்ரென்று திறக்கும். அந்த வழவழப்பை இதே விலையில் ஐரோப்பா கொடுக்கவே கொடுக்காது, இரண்டு மடங்கு விலையிலும் சந்தேகம். அதில் வரும் எஃகுப் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், 8சிஆர்13மோவி என்றால் 0.8 சதவீதம் கார்பன், 13 சதவீதம் குரோமியம் என்று பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது. சுமாரான, சுலபமாகத் தீட்டக்கூடிய எஃகு. டி2 என்றால் கூர் நன்றாக நிற்கும், ஆனால் அதன் 12 சதவீத குரோமியத்தில் கணிசமான பகுதியைக் கார்பன் பிடித்து வைத்துக்கொள்வதால் துருவைத் தடுக்க மிச்சம் அதிகம் இருக்காது. விற்கிறவர்கள் ஸ்டெயின்லெஸ் என்று சொல்லித்தான் விற்பார்கள், என் டி2 அலகில் ஒரே மழைக்காலத்தில் மிளகு தூவினதுபோல் புள்ளிகள். முன்னே சொன்ன இரண்டு நஷ்டங்களில் இது ஒன்று, கார்பன் ஓப்பினெல் மற்றது.

என் பெரிய மனத்தாங்கல் வேறு. பெயர் சொல்ல விரும்பாத ஒரு மலிவுக் கம்பெனியின் ஒரே மாடலில் ஒரு வருட இடைவெளியில் இரண்டு வாங்கினேன், இரண்டிலும் ஒரே எஃகின் பெயர். முதலாவது மாதக்கணக்கில் நின்றது. இரண்டாவது ஒரு வாரத்தில் மொக்கை, எத்தனை தீட்டினாலும் அதே கதை. சுவிஸ் கத்தியில் இந்த லாட்டரி இல்லை. அவர்களுடைய 56, பத்து வருடம் முன்பு வாங்கினாலும் இன்றைக்கு வாங்கினாலும் 56. நாட்டுக்கு நாடு விலை வித்தியாசம் கொடுக்கிறோமே, அதில் பாதி இந்த ஒரே சீருக்குத்தான் என்று நினைக்கிறேன்.

"நம்ம ஊர்க் கத்தி இல்லியாண்ணே?" என்று தம்பி கேட்டான். ஊட்ஸ் என்று உலகம் கொண்டாடிய எஃகு தென்னிந்தியாவில் இருந்து போனதுதான், டமாஸ்கஸ் வாள் பெருமை பேசும்போது அதையும் பேசலாம். மடக்குக்கத்தி என்று வந்தால் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர்தான். பழைய சினிமா வில்லன்கள் டக்கென்று திறப்பார்களே, அது. ஊர் முச்சந்தியில் 2023-இல் 20 அடி நீளத்துக்கு ஒரு கத்தியே நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் அது பாக்கெட்டுக்கோ கொய்யாப்பழத்துக்கோ பிறந்த கத்தி இல்லை. திருப்பாச்சேத்திப் பட்டறைக்காரர்கள் அரிவாளைத் தோய்க்கிற கையோடு ஒரு மடக்குக்கத்தியும் செய்தால் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. இங்கே அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்து, அது வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ ஆனதும் இல்லை என்றால் லைசென்ஸ் விஷயம் வரும். சாதாரண பாக்கெட் கத்தி பொதுவாக அந்தப் பக்கம் போகாது. லண்டனில் இருக்கிற உறவுக்காரர்களுக்குப் பரிசு கொடுக்கிறீர்கள் என்றால் யோசியுங்கள். அங்கே மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட, லாக் இல்லாத மடக்குக்கத்திக்குத்தான் காரணம் சொல்லத் தேவையில்லை. அதாவது சாதாரண சுவிஸ் கத்தி சரி, வளைய லாக் உள்ள ஓப்பினெல் 8 சரியில்லை. விமானத்தில் எதுவானாலும் செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். சாவிக்கொத்தில் தொங்கிய ஒரு குட்டிக் கத்தியை மறந்துபோய் செக்யூரிட்டியில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டுவிட்டு வந்தவன் நான், அந்த டப்பாவில் ஏற்கெனவே நாற்பது இருக்கும்.

முடிவுக்கு வருகிறேன். தம்பிக்கு நான் சொன்னது விக்டோரினாக்ஸின் எலக்ட்ரீஷியன் என்ற மாடல். 93 மில்லிமீட்டர், சிவப்பு பிளாஸ்டிக் இல்லாமல் அலுமினியத் தகட்டுப் பிடி, சுரண்டுவதற்கென்றே ஓர் இரண்டாம் அலகு, பாட்டில் ஓப்பனரின் அடியில் ஒயர் சீவ ஒரு பள்ளம். அலுமினியம் என்பதால் கரன்ட் இருக்கிற ஒயர் பக்கமே கொண்டுபோகாதே, மெயினை ஆஃப் பண்ணிவிட்டு வேலை செய் என்று இரண்டு தடவை சொன்னேன். சாப்பாட்டுக்கு மட்டும் கத்தி கேட்டிருந்தால் ஸ்டெயின்லெஸ் ஓப்பினெல் 8 என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். ஒரு கையால் திறக்க வேண்டும், பாக்கெட்டில் கிளிப் மாட்ட வேண்டும் என்று அடம்பிடித்திருந்தால் யாங்ஜியாங் கத்திதான், ஆனால் டி2 வேண்டாம், ஸ்வீடனின் 14சி28என் எஃகு போட்டது. கையில் காசு இருந்து, நல்ல கல்லும் இருந்தால் செக்கி.

போன வாரம் பார்சல் வந்துவிட்டது. மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடச் சொல்லியிருந்தேன், விட்டுவிட்டு போட்டோ அனுப்பினான். பின்னணியில் பாதி வெட்டிய கொய்யாப்பழமும், சித்தியின் கையும். சித்தி போனை வாங்கி, பூ கட்டும்போது நார் வெட்ட எனக்கும் ஒண்ணு சொல்லுப்பா, இவ்வளவு பெருசு வேண்டாம், இடுப்புச் சுருக்குப்பையில் கிடக்கணும் என்றார்கள். அதற்கு விக்டோரினாக்ஸின் 58 மில்லிமீட்டர் கிளாசிக்தான், அந்தக் குட்டிக் கத்தரிக்கோல் நாருக்கு நன்றாகப் போகும். பல் குத்தும் குச்சி தொலைந்துவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.